சிறுநீரகக் கல் இருக்கும்போது உடலுறவு கொள்ளலாமா?

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டர் முன்னால் உட்காருபவர்கள் பல கேள்விகள் கேட்பார்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும், தக்காளி சாப்பிடலாமா, ஆபரேஷன் வருமா? கணவன் மனைவியாகச் சேர்ந்து இருக்கலாமா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். டாக்டரும் தானாகச் சொல்ல மாட்டார். விளைவு, சிலர் எந்தத் தேவையும் இல்லாமல் மாதக்கணக்கில் விலகிப் படுக்கிறார்கள். வேறு சிலர், சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயின் நூல் வெளியே தொங்கும்போதே உறவு கொண்டு, அது உருவி வந்த பிறகு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

சுருக்கமான பதில் இது. கல் இருப்பதாலேயே உடலுறவுக்குத் தடை கிடையாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட அளவில் இருக்கும் கல் சீக்கிரம் வெளியேற அது உதவலாம் என்றுகூட ஆய்வுகள் சொல்கின்றன. சில சூழ்நிலைகளில் மட்டும் கட்டாயம் தள்ளிப்போட வேண்டும். உங்கள் நிலை இவற்றில் எது என்பதைக் கல் எந்த இடத்தில் இருக்கிறது, என்ன சிகிச்சை நடந்திருக்கிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

கல்லின் பாதையும் விந்தின் பாதையும்

கல் உருவாகும் இடம் சிறுநீரகம். சிறுநீரில் கரைந்திருக்கும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை அளவுக்கு மேல் அடர்த்தியாகும்போது படிகமாகி, படிகங்கள் சேர்ந்து கல்லாகின்றன. அங்கேயே இருக்கும்வரை கல் பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். அது நழுவி யூரெட்டருக்குள் இறங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. யூரெட்டர் என்பது சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாய். நீளம் 25 முதல் 30 செ.மீ., உள்விட்டம் 3 முதல் 4 மி.மீ. மட்டுமே. அதிலும் மூன்று இடங்களில் இன்னும் குறுகும். சிறுநீரகத்தை விட்டுப் புறப்படும் இடம் ஒன்று, இடுப்பில் பெரிய ரத்தக்குழாய்களைக் கடக்கும் இடம் ஒன்று, சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் ஒன்று. மூன்றிலும் மிகக் குறுகலானது கடைசி இடம். ரிப்போர்ட்டில் ‘வி.யூ.ஜே. கால்குலஸ்’ என்று எழுதியிருந்தால் கல் அந்தக் கடைசி வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

விந்து வரும் வழி வேறு. விந்தணுக்கள் விதைப்பையில் உருவாகின்றன. விந்துத் திரவத்தின் பெரும்பகுதி, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் உள்ள விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரக்கிறது. இவை எல்லாம் வந்து சேருமிடம் சிறுநீர்ப்பைக்குக் கீழே, புராஸ்டேட்டுக்கு உள்ளே. அதன் பிறகு உள்ள வெளிக்குழாய் மட்டும்தான் சிறுநீருக்கும் விந்துக்கும் பொது. அதற்கு மேலே இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பல பயங்கள் அடிபட்டுப்போகும். விந்தை அடக்கினால் அது கெட்டியாகிக் கல்லாகும் என்பது தவறு. சுய இன்பம் செய்ததால் கல் வந்தது என்பதும் தவறு. உடலுறவால் கல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஒரே வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் கல் வந்தால், ஒரே சமையலில் அதிக உப்பு, இருவருமே தண்ணீர் குறைவாகக் குடிப்பது போன்ற காரணங்களைத் தேடுங்கள். வாலிபப் பையன்கள் இந்தக் குற்ற உணர்ச்சியோடு வலியை வீட்டில் மறைப்பது உண்மையிலேயே ஆபத்தானது. அடைப்பு நீடித்தால் பாதிக்கப்படுவது அவர்களுடைய சிறுநீரகம்.

வலி ஏன் அந்தரங்க உறுப்புக்கு இறங்குகிறது?

கல் யூரெட்டரின் மேல்பகுதியில் இருந்தால் வலி முதுகின் பக்கவாட்டில், விலா எலும்புக்குக் கீழே வரும். கீழே இறங்க இறங்க வலியும் முன்பக்கமாகத் தொடை இடுக்குக்கு வரும். ஆண்களுக்கு விதையிலும் பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளி உதட்டிலும் தெரியும். கல் கடைசி வாசலுக்கு வந்துவிட்டால் அடிக்கடி சிறுநீர் முட்டும், போனால் சில சொட்டுதான் வரும், ஆணுறுப்பின் நுனியில் சுருக்கென்று குத்தும். யூரெட்டருக்கும் இந்த உறுப்புகளுக்கும் உணர்ச்சி நரம்புகள் முதுகுத்தண்டின் ஏறக்குறைய ஒரே பகுதியிலிருந்து வருவதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. விதையில் கோளாறு எதுவும் இருக்காது. கல் வெளியேறினால் அந்த வலியும் போய்விடும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இளைஞருக்கோ சிறுவனுக்கோ திடீரென்று விதையில் கடும் வலி வந்து, தொட்டாலே துடித்து, விதை வீங்கியோ மேலே ஏறியோ இருந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் விதை பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதேபோல, மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலி வந்தால், கல் என்று முடிவுகட்டுமுன் கர்ப்பப் பரிசோதனை அவசியம். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே மாதிரி வலிக்கும்.

உடலுறவு கல்லை வெளியேற்றுமா?

இந்தப் பேச்சு கிளம்பியது துருக்கியிலிருந்து. அங்காராவில் ஒரு மருத்துவக் குழு, யூரெட்டரின் கீழ்ப்பகுதியில் 6 மி.மீ. வரை கல் உள்ள ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினரிடம் வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை உடலுறவு கொள்ளச் சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்குத் தினமும், கல் இறங்குவதற்குக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை 0.4 மி.கி. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். 2015-இல் வெளியான முடிவின்படி, இரண்டு வாரத்தில் முதல் பிரிவில் 31 பேரில் 26 பேருக்குக் கல் வெளியேறியிருந்தது. மாத்திரைப் பிரிவில் 21 பேரில் 10 பேருக்கு. மூன்றாவதில் 23 பேரில் 8 பேருக்கு. கல் வெளியேறச் சராசரியாக ஆன நாட்கள் முறையே 10, 16.6, 18.

எண்ணிக்கை கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் நான்காவது வாரம் பார்த்தபோது மூன்று பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது, தானாக வரவேண்டிய கல் கொஞ்சம் முன்னதாக வந்திருக்கிறது. வராத கல்லை அது வரவழைத்ததாகச் சொல்ல முடியாது. ஆய்வில் கணக்கிடப்பட்டவர்கள் மொத்தம் 75 பேர்தான். யார் எந்தப் பிரிவு என்பது பங்கேற்றவர்களுக்கே தெரியும் என்பதால் மனநிலையின் பாதிப்பையும் ஒதுக்கிவிட முடியாது. அதன் பிறகு சுய இன்பத்தை வைத்தும், பெண்களிடமும் இதே கேள்வியை எழுப்பிய ஆய்வுகள் வந்தன. அவையும் சிறியவையே.

இதற்குச் சொல்லப்படும் காரணம் நைட்ரிக் ஆக்சைடு. ஆணுறுப்பு விறைக்கும்போது அங்குள்ள நரம்பு முனைகள் இதை வெளியிடுகின்றன. ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துவது இதுதான். யூரெட்டரின் சுவரும் அதே மாதிரியான மென்தசை. கல் மாட்டியதும் அந்தத் தசை இறுகிக் கல்லைப் பிடித்துக்கொள்கிறது, சுற்றிலும் வீக்கம் வேறு. தசை தளர்ந்தால் மேலிருந்து வரும் சிறுநீரின் அழுத்தத்தில் கல் நகரும். டாம்சுலோசினும் இதே தளர்த்தலைத்தான் வேறு வழியில் செய்கிறது. இந்தக் காரணம் பொருத்தமாக இருந்தாலும் மனித யூரெட்டரில் உறவின்போது இப்படித்தான் நடக்கிறது என்று நேரடியாக நிரூபிக்கப்படவில்லை.

எனவே ஒரு ஆண் நோயாளிக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். கல் கீழ் யூரெட்டரில், 6 மி.மீ.க்குள் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, வலி மாத்திரைக்கு அடங்குகிறது, டாக்டர் ‘சில வாரம் பார்க்கலாம்’ என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் வாரத்துக்கு மூன்று நான்கு முறை உறவு கொள்வதில் கெடுதல் இல்லை, நன்மை இருக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்ப வேண்டாம். கல் சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தாலோ, மேல் யூரெட்டரில் இருந்தாலோ, 6 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ இந்த ஆய்வுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. 5 மி.மீ.க்குள் உள்ள யூரெட்டர் கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடும். 5 முதல் 10 மி.மீ. வரை உள்ளவற்றில் ஏறக்குறைய பாதி. கல் சிறுநீர்ப்பைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அந்த அளவுக்கு வாய்ப்பு கூடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ‘டாக்டர் சொல்லிவிட்டார், இது மருந்து’ என்று மனைவியை வற்புறுத்த இந்தத் தகவலைப் பயன்படுத்தாதீர்கள். சொல்லப்படும் காரணம் விறைப்போடும் உச்சத்தோடும் சம்பந்தப்பட்டது. சுய இன்பத்திலும் அதே மாற்றங்கள்தான் நடக்கின்றன. திருமணமாகாதவர், துணை ஊரில் இல்லாதவர், துணைக்கு விருப்பமில்லாதவர் என்று யாருக்கும் இதனால் நஷ்டமில்லை. யாருடைய விருப்பமின்மையும் யாருடைய கல்லையும் மாட்ட வைக்காது.

மாத்திரை உறவில் செய்யும் மாற்றங்கள்

கல் இறங்குவதற்கு எழுதித்தரும் டாம்சுலோசின் 0.4 மி.கி., சைலோடோசின் 8 மி.கி. இரண்டுமே விந்து வெளியேற்றத்தைப் பாதிக்கும். உச்சம் வரும், ஆனால் விந்து குறைவாக வரும் அல்லது வராமலே போகும். சைலோடோசினில் இது இன்னும் அதிகம், நான்கில் ஒருவருக்கு மேல். இதைச் சொல்லாமல் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால், ஆண்மையே போய்விட்டது என்று நோயாளி தவித்துவிடுகிறார். மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் பழையபடி ஆகிவிடும். குழந்தைக்கு முயற்சி செய்யும் தம்பதியாக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அந்த மாதம் மாத்திரை வேண்டுமா என்று சேர்ந்து முடிவெடுக்கலாம்.

இந்த மாத்திரைகள் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். தினமும் ஒரே வேளை உணவுக்குப் பிறகு போட வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முதலில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழுந்திருங்கள். கண்புரை ஆபரேஷன் திட்டமிட்டிருந்தால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்து கண்ணின் கருவிழித் திரையைத் தளர்த்திவிடும்.

விறைப்புக்கான சில்டெனாஃபில், டாடலாஃபில் மாத்திரைகளை இதோடு சேர்த்துப் போட்டால் அழுத்தம் இன்னும் சரியும். டாக்டருக்குத் தெரியாமல் மருந்துக் கடையில் வாங்கிச் சேர்க்காதீர்கள். டாடலாஃபிலையே கல் இறக்கும் மருந்தாக வைத்து இந்திய மருத்துவமனைகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிறுநீரக, சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர்களான யூராலஜிஸ்ட்கள் சிலர் எழுதியும் தருகிறார்கள். ஆகவே அந்த மாத்திரை சீட்டில் இருந்தால் பதற வேண்டாம். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் போன்றவற்றைப் பயன்படுத்துபவர் சில்டெனாஃபில், டாடலாஃபில் இரண்டையுமே தொடக் கூடாது. நெஞ்சுவலி மருந்தோடு இவை சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கல் இருக்கும் நாட்களில் ஆசை குறைவதும் விறைப்பு தளர்வதும் சகஜம். வலி எப்போது வருமோ என்ற பயம் ஒன்றே போதும். கல் போய் இரண்டு மாதமாகியும் அப்படியே இருந்தால் கல்லின்மீது பழியைப் போட்டு விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் இருப்பவர்களுக்குக் கல்லும் அதிகம் வரும், விறைப்புக் குறைவும் அதிகம் வரும். சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு

யூரெட்டரின் கீழ்ப்பகுதி பிறப்புறுப்பின் மேல் ஓரத்தை ஒட்டித்தான் செல்கிறது. கடைசி வாசலில் பெரிய கல் நின்றால் மகப்பேறு மருத்துவர் விரலால் பரிசோதிக்கும்போது அதைத் தொட்டே உணர முடிவதுண்டு. அதனால் ஆழமான உறவில் ஒரு பக்கமாகச் சுரீரென்று வலிக்கலாம். கல் அதனால் உடையாது, கிழிக்காது. ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர வேண்டிய அவசியமும் இல்லை. ஆழத்தை மனைவியே கட்டுப்படுத்தும் நிலைக்கு மாறலாம், இல்லையென்றால் கல் இறங்கும்வரை விட்டுவிடலாம். இரண்டு பக்கமும் வலி, மாதவிடாயை ஒட்டி வலி, வெள்ளைப்படுதலோடு வலி என்றிருந்தால் அது கல் தந்த வலியாக இருக்காது. மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு முக்கியமான ஆபத்து தொற்று. வெளிக்குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். உறவின்போது கிருமிகள் எளிதாக உள்ளே தள்ளப்படும். சிறுநீரில் எரிச்சல், நாற்றம், அடிக்கடி முட்டுதல் ஆகியவை அடுத்த ஓரிரு நாளில் தெரியும். சாதாரணமாக இது மூன்று முதல் ஐந்து நாள் மருந்தில் போய்விடும் தொல்லை. ஆனால் யூரெட்டரில் கல் அடைத்திருக்கும்போது தொற்று மேலே ஏறினால், அடைப்புக்குப் பின்னால் சீழ் கட்டி, சில மணி நேரத்தில் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். கல் நோயில் உயிரைப் பறிக்கும் நிலை இதுதான். ஆகவே கல் இருக்கும் காலத்தில் சிறுநீர் எரிச்சல் இருந்தால், அது சரியாகும்வரை உறவு வேண்டாம்.

உறவு முடிந்ததும் சிறுநீர் கழிப்பது, முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுவது போதும். டெட்டால் கலந்து கழுவினால் அங்குள்ள நல்ல கிருமிகள் செத்துத் தொற்று கூடும். விந்துக்கொல்லி மருந்து தடவிய ஆணுறைக்கும் அதே குறை உண்டு. சாதாரண ஆணுறை நல்லது. தொற்றுக்கும் கல்லுக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மை உள்ளதாக மாற்றும். அதில் ஸ்ட்ரூவைட் என்ற கல் வேகமாக வளர்ந்து சிறுநீரகத்தையே நிரப்பிவிடும். திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்ணுக்கு ஒரு ஸ்கேன் எடுப்பது வீண் செலவாகாது.

கல் இருப்பது தெரிந்தால், சிகிச்சை முடியும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. கர்ப்பத்தில் சி.டி. ஸ்கேன் முடிந்தவரை தவிர்க்கப்படும். அதிர்வலை சிகிச்சையான லித்தோட்ரிப்சி செய்யவே கூடாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளைக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கொடுக்க முடியாது. கையில் இருக்கும் ஆயுதங்கள் பாதியாகிவிடும். மாதவிடாய் ஒரு நாள் தள்ளியிருந்தாலும் எக்ஸ்ரே, சி.டி., லித்தோட்ரிப்சி எதற்கும் முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நாள்?

இந்த நாட்கள் பொதுவான வழிகாட்டுதலே. உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர் வேறு கணக்கு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

லித்தோட்ரிப்சிக்குப் பிறகு கல் துகள்கள் இறங்கிக்கொண்டிருக்கும். சிறுநீரில் சிவப்பு நின்று வலி அடங்க ஒரு வாரம் விடுவது வழக்கம். வெளிக்குழாய் வழியாகக் குழாய்க் கேமராவை விட்டு லேசரால் உடைக்கும் யூரெட்டராஸ்கோபிக்கும் ஸ்டென்ட் வைக்கவில்லை என்றால் இதே ஒரு வாரம். முதல் சில முறை விந்தில் ரத்தம் கலந்தோ பழுப்பு நிறமாகவோ வரலாம். அது கருவி உரசியதால் வந்தது, தானே தெளிந்துவிடும். சில வாரம் தாண்டியும் நீடித்தால் காட்ட வேண்டும்.

முதுகில் துளையிட்டுப் பெரிய கல்லை எடுக்கும் பி.சி.என்.எல். வேறு விஷயம். காயம் வெளியே சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் சிறுநீரகத்துக்குள் துளைத்த பாதையில் ரத்தக்குழாய் பலவீனமாகி, ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று ரத்தம் கொட்டுவது உண்டு. கனம் தூக்காதீர்கள், பைக்கில் போகாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். உறவுக்கும் மூன்று நான்கு வாரம் பொறுத்திருங்கள்.

சிறுநீரை வெளியேற்ற வைத்த கதீட்டர் குழாய் இருக்கும்வரை உறவு கிடையாது.

ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போது

டி.ஜே. ஸ்டென்ட் என்பது சுமார் 2 மி.மீ. தடிமனும் 24 முதல் 26 செ.மீ. நீளமும் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இரு முனையும் பன்றிவால்போலச் சுருண்டிருக்கும். மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ் சுருள் சிறுநீர்ப்பையில். கீழ் சுருள் சிறுநீர்ப்பையின் அடித்தளத்தை உரசுவதால் அடிக்கடி முட்டும், முடிவில் எரியும், நடந்தால் சிவப்பாகப் போகும். சிறுநீர் கழிக்கும்போது முதுகில் இழுப்பதுபோல வலிக்கும். திறந்த குழாய் வழியாகச் சிறுநீர் மேலே திரும்பி ஏறுவதுதான் அதற்குக் காரணம்.

முழுதாக உள்ளே இருக்கும் ஸ்டென்ட், உறவால் இடம் மாறிவிடும் என்று பயப்பட வேண்டாம். சுருள்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். துணைக்கு அது தட்டுப்படாது, துணைக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் இது சுகமான காலம் இல்லை என்பதை இருவரும் ஒப்புக்கொள்வது நல்லது. உச்சத்தின்போது சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசை இறுகும். அதனால் ஆண்களுக்கு அந்த நேரத்தில் சுருக்கென்று வலிப்பதும், பெண்களுக்கு ஆழமான உறவில் சிறுநீர் முட்டுவதும் சாதாரணம். முன்னதாகச் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். வேண்டுமானால் அரை மணி நேரத்துக்கு முன் பாராசிட்டமால் 650 மி.கி. ஒன்று போடலாம். அடுத்த ஓரிரு முறை சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் தண்ணீர் கூடக் குடித்தால் போதும். கட்டி கட்டியாக ரத்தம் வந்தால் உடனே காட்டுங்கள். ஸ்டென்ட் எரிச்சலுக்கு டாம்சுலோசின், சாலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

நூல் கட்டிய ஸ்டென்ட்டுக்கு விதி வேறு. சில நாட்களில் இழுத்து எடுத்துவிடுவதற்காகக் கீழ்முனையில் நூலைக் கட்டி வெளிக்குழாய் வழியாக வெளியே விட்டு, ஆணுறுப்பின் மேலோ தொடையிலோ பிளாஸ்திரி போட்டிருப்பார்கள். அது இருக்கும்வரை உறவும் வேண்டாம், சுய இன்பமும் வேண்டாம். நூல் சிக்கினால் ஸ்டென்ட் பாதி உருவி, சிறுநீரைத் தடுக்கும் தசையின் நடுவில் நின்றுவிடும். பிறகு சிறுநீர் நிற்காமல் ஒழுகும். அப்படி நடந்தால் உள்ளே தள்ள முயலாதீர்கள், நூலை வெட்டாதீர்கள். ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்யுங்கள்.

ஸ்டென்ட் எடுக்கும் தேதியை இருவருமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை பழகிப்போய், உறவும் பழையபடி ஆகி, உள்ளே ஒன்று இருப்பதையே மறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் போனால் அதன்மேலேயே கல் படிந்துவிடும். ஏற்கெனவே கல் உருவாகும் உடம்பு என்பதால் அதற்கு முன்னாலேயேகூட நடக்கலாம். அப்புறம் சாதாரணமாக உருவி எடுக்க வராது.

எப்போது நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

வலி சுருட்டி அடிக்கும் நேரத்தில் உறவைப் பற்றிய பேச்சே இல்லை. அப்போது லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிப்பதும் கல்லைத் தள்ளாது, அடைப்புக்கு மேலே அழுத்தத்தைக் கூட்டி வலியைத்தான் அதிகமாக்கும். வலி மருந்து எடுத்து அடங்கிய பிறகு, தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும்.

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் இரவென்றாலும் கிளம்புங்கள். சிறுநீர் அறவே நின்றுபோவது, எதையும் வயிற்றில் நிறுத்த முடியாத வாந்தி, மாத்திரைக்கு அடங்காத வலி ஆகியவற்றுக்கும் இதுவே. ஒரே சிறுநீரகம் உள்ளவர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், கர்ப்பிணி இவர்கள் அறிகுறி முற்றுவதற்குக் காத்திருக்கவே கூடாது.

கல் வெளியே வந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கழிப்பறையில் ஒரு பழைய டீ வடிகட்டியோ மெல்லிய துணியோ வைத்து, ஒவ்வொரு முறையும் சிறுநீரை வடித்துப் பாருங்கள். கல் சிறுநீரோடுதான் வரும், விந்தோடு வராது. பெரும்பாலும் மிளகை விடச் சிறியதாக, பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். கழுவி உலர்த்தி, சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுத்தால், பரிசோதித்து அது என்ன வகைக் கல் என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த கல் வராமல் தடுக்க என்ன சாப்பிட வேண்டும் என்பது அந்த முடிவைப் பொறுத்தது.

வடிகட்டியில் எதுவும் சிக்காமல் வலி மட்டும் நின்றுவிட்டால் ஏமாந்துவிடாதீர்கள். கல் அதே இடத்தில் அடைத்தபடி இருக்க, சிறுநீரகம் மட்டும் வேலையைக் குறைத்துக்கொண்டதாலும் வலி நிற்கும். உறவு பழையபடி ஆகிவிட்டது, தூக்கம் வருகிறது என்பதெல்லாம் கல் போனதற்கு அடையாளம் ஆகாது. முதல் வலி வந்து நான்கு வாரத்துக்குள் மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுத்து, கல் இருக்கிறதா, சிறுநீரக வீக்கம் வடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இனியும் காத்திருக்காமல் அதை எடுத்துவிட யூராலஜிஸ்ட்டிடம் நாள் குறியுங்கள்.